லயம் வாயை மூடிய வாரம்

என் தங்கச்சி மகளுக்குப் பரீட்சை என்றால் எங்கள் லயத்துக்கே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள் அத்தனைக்குமே பரீட்சை. இந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண்பிள்ளை அவள்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். தங்கச்சி வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். பால்குடி மறந்த நாளிலிருந்து பிள்ளையை வளர்த்தது நான். மூன்றாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவள் வளர்த்த பிள்ளை, கண்டிப் பக்கம் பெரிய படிப்புப் படிக்கிறது.

பரீட்சைக்கு முன்னால் படிப்பதற்கென்று லீவு கொடுப்பார்களாம். லீவு என்றால் படிக்காமல் இருக்கத்தானே, படிக்க எதற்கு லீவு என்று எனக்கு விளங்கவில்லை. போன தடவை அந்த லீவுக்கு வந்தவளை அடையாளமே தெரியவில்லை. கண்ணைச் சுற்றிக் கறுப்பு. சீப்பை எடுத்தால் சீப்பு நிறைய முடி. காலையில் ரொட்டியைப் பிட்டு ஒரு வாய் வைப்பாள், உடனே பின்பக்கம் ஓடி வாந்தி எடுப்பாள். எனக்குத் தெரிந்த வாந்தி ஒன்றுதான். அதனால் என் புத்தி வேறு பக்கம் போனது. மனதில் வைத்துக்கொண்டிருக்காமல் கேட்டேவிட்டேன். பிள்ளை சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள்.

“அய்யோ அது இல்ல பெரியம்மா. எக்ஸாம் பயம்.”

“அட்டை கடிக்கும்னு பயப்படாம தேயிலைக்குள்ள நடந்த புள்ள நீ. காகிதத்துக்கா பயப்படுற?”

“அட்டைய புடுங்கிப் போட்டுறலாம்.”

இன்னொன்றும் செய்வாள். கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் இழுப்பாள், கொஞ்சம் பிடித்து வைப்பாள், பிறகு வாயால் மெதுவாக ஊதுவாள். கம்பசில் ஒரு மிஸ் சொல்லிக் கொடுத்தார்களாம், மனது அடங்க.

“மூச்சு விடக்கூடவா அங்க சொல்லிக் குடுக்குறாங்க?”

“விட மறந்து போயிருது பெரியம்மா.”

எங்கள் லயம் பழைய லயம். ஒரே கூரையின் கீழே வரிசையாக வீடுகள். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் மிளகாய் கிள்ளிப் போட்டால் மற்ற வீட்டிலெல்லாம் தும்முவார்கள். இந்தச் சந்தடியில் பிள்ளை எப்படிப் படிக்கும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். நான் ஒன்று கேட்டால் மாட்டேன் என்று சொல்ல இங்கே ஆள் கிடையாது. அன்றைக்கே டிவியெல்லாம் நின்றது. தொங்கல் வீட்டில், அதுதான் லயத்தின் கடைசி வீட்டில் இருக்கும் தம்பி, அம்மன் திருவிழாவுக்குத் தப்பு மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார். அவர் தப்பை ஆணியில் மாட்டிவிட்டார். பக்கத்து வீட்டு மதினி இருமல்காரி. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமினாள். முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்த கோழியைத் தேயிலை மலை வரைக்கும் விரட்டிக்கொண்டு போனாள்.

நான் வாசல் திண்ணையில், எங்கள் இஸ்தோப்பில், காவல் உட்கார்ந்தேன். உள்ளே பிள்ளை. தாள் புரளும் சத்தம் வருமென்று காதைக் கொடுத்தால், அதுவும் வரவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் பிள்ளை வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் போகல பெரியம்மா.”

“எங்க?”

“எக்ஸாமுக்கு. அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்.”

ஒரு வருடம் விட்டால் பிறகு அப்படியே விட்டுவிடுவாள். விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

“யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. அதுதான்.”

“என்னாடி, அதுதான்?”

“எழவு வீட்ட விட மோசமா கெடக்கு. அங்கயாச்சும் ஒப்பாரி கேக்கும். புத்தகத்த தொறந்தா எழுத்து தெரியல, பக்கத்து வீட்டு அத்தை வாயப் பொத்திக்கிட்டு இருமுறதுதான் தெரியுது. நான் பெயிலானா இத்தன பேருக்கு என்னா பதில் சொல்றது?”

“அப்ப ஒனக்குச் சத்தம் வேணுமா?”

“எப்பவும் மாதிரி இருக்கட்டும்னுதான் வீட்டுக்கு வந்தேன். இல்லாட்டி அங்க லைப்ரரியிலயே இருந்திருப்பேனே.”

அமைதியாக இருந்தால்தான் படிப்பு ஏறும் என்று வாத்தியார் காலத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். இது என்ன படிப்போ. சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குவதும் என் பழக்கமில்லை. ஆனாலும் எழுந்து தொங்கல் வீட்டுக்குப் போனேன்.

“தம்பி, அந்தத் தப்ப எடு.”

“நீங்கதானே அக்கா நிப்பாட்டச் சொன்னீங்க?”

“நாந்தான் சொன்னேன். இப்ப நாந்தான் அடிக்கவும் சொல்றேன்.”

“புள்ள எழுதி முடிச்சிருச்சா?”

“இன்னும் போகவே இல்ல.”

“அப்ப எதுக்கு?”

“எனக்கு என்னா தெரியும்? அடி.”

பின்னாலேயே வந்த மதினி சொன்னாள்: “அடிச்சிருங்கண்ணே. இல்லாட்டி நம்மள அடிச்சிருவாங்க.”

அவர் கடதாசியைக் கொளுத்தித் தோல் இறுகத் தப்பைக் காய்ச்சினார். அடித்தார். அத்தனை நாள் கையரிப்பையெல்லாம் சேர்த்து அடித்தார். டிவிகள் மறுபடி ஓடின. மதினி நெஞ்சு நிறைய இருமினாள். சரி, இனிப் படிப்பாள் என்று உள்ளே போய்ப் பார்த்தால், பிள்ளை புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறாள். பட்டப்பகலில்! சத்தம் வேண்டுமென்று கேட்டது படிக்கவா, தூங்கவா? எழுப்புவதா, விடுவதா? எழுப்பச் சொன்னாள் மதினி. நான் கையைத் தூக்கினேன், பிறகு போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் எழுந்து சோறு கேட்டாள். அதற்குப் பிறகு இஸ்தோப்பில்தான் படித்தாள், சின்னப் பிள்ளைகள் காலைத் தாண்டித் தாண்டி ஓட. போகிற நாள் வந்ததும் பையைக் கட்டினாள்.

“பயம் போயிருச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“அப்புறம் எப்படிப் போற?”

“பஸ் வந்துரும் பெரியம்மா. பைய குடுங்க.”

முதல் பரீட்சை அன்று போன் எடுத்துப் பேசினாள். எழுதிவிட்டாளாம். நல்லா எழுதினாயா என்றால் தெரியாதாம். ஒரு கேள்வியைத் தொடவே இல்லையாம். சந்தோஷக் குரலா, துக்கக் குரலா என்று பிடிபடவில்லை. நான் கேட்பதற்குள் “நாளைக்கும் எக்ஸாம் இருக்கு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மதினி வாசலில் நின்றாள். “என்னா சொல்லுது புள்ள?”

“எழுதிட்டா.” தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

“பாஸா?”

“அது தெரிய மாசக்கணக்கா ஆகுமாம்.”

“எழுதுனதுக்கு அப்புறமுமா? அது வரைக்கும் புள்ள என்னா செய்யும்?”

“அதுக்குள்ள அடுத்த எக்ஸாம் வந்துருமாம்.”

மதினி தொங்கல் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: “அண்ணே, அந்தத் தப்ப ஆணியில மாட்டிறாதீங்க, புள்ளைக்கு இன்னும் முடியலையாம்!”