படுத்துக் கிடந்த கோடு

இதை எழுத எத்தனையோ தடவை ஜெபித்துவிட்டு உட்கார்ந்து, ஒரு வரியும் ஓடாமல் பேனாவை மூடி வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் படித்தவர்களைக் குறை சொல்லலாமா என்ற பயம்தான். கர்த்தர் பொய்யை வெறுக்கிறவர். கண்டதை மட்டும் சொல்கிறேன்.

நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே அப்பா வேன் ஓட்டினார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. ஒரு நாள் காலை முட்டம் ரோட்டில் எதிரே சவ ஊர்வலம் வந்தது. "மக்கா, ஒருத்தரும் சத்தம் போடப்பிடாது" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அப்பா வேனை ஓரம்கட்டி, இஞ்சினை அணைத்து, இறங்கிக் கைகட்டி நின்றார். சவப்பெட்டி கடந்து போகும்வரை எங்கள் பக்கத்தில் வண்டியை அசைக்கமாட்டார்கள்.

மறுநாள் இறந்தவரின் மகன்கள் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். மஞ்சள் ஸ்கூல் வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு, பெட்டி தூக்கியவர்களை உரசிப் பாய்ந்து போனதாம். பள்ளிக்கு வேன்கள் இரண்டு. தாளாளர் அப்பாவை மட்டும் தன் அறைக்கு அழைத்தார்.

அப்பா பதறவில்லை. "வண்டியில மிஷின் வச்சிருக்கியளே சார், அத எடுத்துப் பாருங்க" என்றார்.

அப்பா ஓட்டிய வேன் எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் போயிருந்தது என்று கோடாகக் காட்டும் தாள் வந்தது. கீழே நேரம், பக்கவாட்டில் தூரம். ஏறிக்கொண்டே போன கோடு, ஊர்வலம் வந்த வேளையில் எட்டு நிமிஷம் படுத்துக் கிடந்தது. தாளாளர் அங்கே விரலை வைத்தார். "பாத்தியளா, ஒரு ஏத்த எறக்கம் இல்ல. பிரேக்கே பிடிக்காம ஒரே போக்காப் போயிருக்கான்."

வந்தவர்கள் பல்லைக் கடித்தார்கள். இப்படிக் கோடு வாசிக்கும் பாடம் எங்களுக்கு முந்தின வாரம்தான் நடந்திருந்தது. வாசலில் நின்ற நான் உள்ளே ஓடினேன்.

"சார், கோடு படுத்துக் கெடந்தா வண்டி நிக்கிதுன்னு அர்த்தம்! நேரம் மட்டும் போகுது, தூரம் கூடல்ல. செங்குத்தா ஏறுனாத்தான் வேகம்!"

"ஏட்டி, ஒனக்க அப்பனுக்கு நீ வக்கீலா?" என்றார் தாளாளர். யாரோ சிரித்தார்கள்.

அந்தப் பாடத்தை நடத்திய சார் அங்கேயே நின்றிருந்தார். "சார், நீங்க சொல்லுங்க சார்" என்றேன். அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டார். "பெரியவிய பேசுத எடத்துல ஒனக்கென்ன சோலி? கிளாஸுக்குப் போ."

மற்ற வேனின் தாளை எடுங்கள் என்று அங்கே ஒரு வாய் திறக்கவில்லை. அன்றே அப்பாவிடம் சாவியை வாங்கிவிட்டார்கள். செத்தவனை மதிக்காதவன் என்ற பேரோடு அவர் வீட்டுக்கு நடந்து வந்தார்.

அடுத்த பரீட்சையில் அதே கேள்வி: கோடு கிடையாக இருந்தால் வண்டி என்ன செய்கிறது? 'நிற்கிறது' என்று எழுதினேன். அதே சார் சிவப்பு மையில் சரி போட்டு முழு மார்க் தந்திருந்தார்.

நான் குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். "அப்பா, சாருக்கு இப்பம் புரிஞ்சிட்டு! நாளைக்கே ஒங்கள வேலைக்கு விளிப்பாவ!"

அப்பா விடைத்தாளை மடித்து என் கையில் தந்துவிட்டு, முகம் கழுவப் போனார்.

மற்ற வேனை ஓட்டியவர் தாளாளரின் மச்சினன். அது எனக்கு அன்றைக்கே தெரியும். அதற்கும் கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அப்போது தெரியவில்லை. அந்த அறையில் யாருக்கும் கோடு வாசிக்கத் தெரியவில்லை என்றே நம்பினேன். இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாமே ஆண்டவரே என்று எத்தனையோ நாள் முழங்காலில் நின்று அழுதிருக்கிறேன்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அப்பாவைப் பெரிய ஆளாக்க வேண்டாம், பள்ளிக்கூடத்தாருக்காக எதையும் பூசி மெழுகவும் வேண்டாம். எட்டு நிமிஷம் நின்றார். அதை எட்டு நிமிஷமாகவே சொல்லுங்கள்.