அக்கா அளந்த பதினோராவது எண்

எங்கள் அக்கா பதினாறு வருஷம் நட்சத்திரங்களோடு வேலை பார்த்தாள். ஒருநாளாவது தொலைநோக்கியில் கண் வைத்தாளா என்றால், இல்லை. படம் எடுப்பவர்கள் வேறு. காலை ஒன்பதரைக்கு அவள் மேசைக்கு வருவது விரல் நீளக் கண்ணாடித் துண்டுகள்தான். ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்த பட்டை, அதன் குறுக்கே கோடு கோடாக. உருப்பெருக்கிக்குள் கண்ணை வைத்து, திருகைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு கோட்டின் இடத்தையும் அளப்பாள். இது இரும்பு, இது கால்சியம் என்பாள். எந்தக் கோடு தடித்திருக்கிறது என்று பார்த்து எவ்வளவு சூடு என்பாள். கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்தால் நட்சத்திரம் விலகுகிறது, நீலப் பக்கம் நகர்ந்தால் நெருங்குகிறது. ஆய்வகத்தில் அவள் பெயரே கோட்டம்மா. நான் அங்கேயே கருவிகளைக் கழற்றி மாட்டும் ஃபிட்டர். எனக்குப் பட்டப்பெயர் வைக்கும் தைரியம் எவனுக்கும் இல்லை.

பதினாறு வருஷமும் தற்காலிக வேலை. நிரந்தரமாக்க வேண்டுமானால் அவள் பெயரோடு ஒரு கட்டுரையாவது அச்சில் வந்திருக்க வேண்டும். வயது வரம்பு முடிய ஒரே ஒரு வருஷம் பாக்கி.

அப்போதுதான் பிரிவுக்குப் புதுத் தலைவர் வந்தார். வந்த மறுவாரமே, "சார் கீர் எல்லாம் வேணாம்மா. எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல. அண்ணான்னு கூப்பிடு" என்றார். வீட்டுக்கு வந்து எங்கள் சமையலறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். என்னைத் தம்பி என்றார். நானும் பல்லை இளித்துக்கொண்டு பரிமாறினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு மங்கலான நட்சத்திரத்தின் பதினொரு படங்களை அளந்த அன்று அக்கா சாப்பாட்டையே மறந்துவிட்டாள். கோடுகள் சிவப்புப் பக்கம் போய், நீலப் பக்கம் வந்து, பத்தொன்பது நாளில் பழைய இடத்துக்கே திரும்பின.

"டேய், அது தனியா இல்லடா. வெளிச்சமே இல்லாத ஏதோ ஒண்ணு கூட இருந்து இழுக்குது. இதுவரைக்கும் யாருக்குமே தெரியாது!"

அண்ணாவிடம் ஓடிச் சொன்னாள். "அடேயப்பா! இதுல உன் பேருதான் முதல்ல வரணும் தங்கச்சி" என்று அளவு நோட்டை வாங்கிக்கொண்டார்.

அந்த நோட்டில் பதினோராவது எண் மட்டும் பாதி வேலை. பூமியும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அந்த ஓட்டத்தைக் கழித்தால்தான் நட்சத்திரத்தின் உண்மையான வேகம் தெரியும். அதற்குப் படம் எடுத்த நாளும் நேரமும் வேண்டும். அந்தப் படத்தை எடுத்தவர் அண்ணாவேதான், அட்டையில் எழுத மறந்திருந்தார். அதனால் அக்கா எண்ணுக்குப் பக்கத்தில், "பூமியின் ஓட்டம் இன்னும் கழிக்கவில்லை. நேரம் கேட்க வேண்டும்" என்று எழுதிவைத்தாள். என் கண்ணாலேயே பார்த்தேன்.

நாலு மாதத்தில் கட்டுரை வந்தது. ஒரே பெயர், அவருடையது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அந்தப் பாதி எண்ணையும் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். அது ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்க, நட்சத்திரம் சுற்றும் பாதை வட்டமே இல்லை, நீள்வட்டம் என்று ஒரு கண்டுபிடிப்பு வேறு.

அக்கா போய்க் கேட்டாள். "அடுத்த கட்டுரைல போட்டுடலாம். குடும்பத்துக்குள்ள உன் பேரு என்ன, என் பேரு என்ன?" என்றாராம். இவளும் நம்பிக்கொண்டு வந்தாள். நான் கத்தினேன். "அவரு அப்படிப்பட்டவரு இல்லடா" என்று என் மேலேயே பாய்ந்தாள்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு நாட்டு ஆய்வகம் அதே நட்சத்திரத்தைப் படமெடுத்து, பாதை வட்டம்தான், ஒரு எண்ணில் பூமியின் ஓட்டத்தைக் கழிக்கவில்லை என்று எழுதியது. அதன் கீழேயே இவருடைய திருத்தம், மூன்று வரி. பிழை அளவீட்டு உதவியாளருடையது என்று இனிஷியலோடு அக்காவின் முழுப்பெயர் அச்சில் இருந்தது.

அக்கா நோட்டைத் திருப்பிக் கேட்டாள். "எந்த நோட்டு?" என்றார். நான் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழுவின் முன்னால் போய் நின்று, பார்த்ததைச் சொன்னேன். "நீங்க அவங்க தம்பிதானே?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அக்கா அங்கே போட்டிருந்த விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்த மூன்று வரியை வெட்டி அதில் ஒட்டியிருந்தார்கள்.

ஆய்வகத்தில் அவளுடைய கடைசி நாள், மேசையை ஒழித்துக்கொண்டிருந்தாள். "இப்பவே போய் அந்த ஆளை நாலு அறை விடறேன், வா" என்றேன். அவள் வரவில்லை.

"பேரை எடுத்துக்கிட்டதைக்கூட விடுடா. எல்லா நம்பரையும் எடுத்தவரு, பக்கத்துல நான் எழுதினதை ஒரு வரி படிக்கலையே. வாய் நிறைய அண்ணான்னு கூப்பிட்டேனேடா!"

பதினாறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் அந்த அறையில் அழுதாள்.