எந்திரம் நின்றால் கயிறு

என் வீட்டுக்காரருக்குப் பயம் கூடப்பிறந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அது இவரைப் பார்த்துச் சொன்னதுதான். பெயர் திரவியம். நாகர்கோவிலை விட்டுத் திருவனந்தபுரம் வந்த நாள் முதலாய்ச் சாஸ்தமங்கலத்தில் ஒரு இஞ்சினீயர் துரையின் பங்களாத் தோட்டத்தில் வேலை. டென்னிஸ் புல்தரையை வெட்டும், கத்தி பூட்டிய இரும்பு உருளையை வடக்கயிறு கட்டித் தோளால் இழுப்பார். மாடு இழுக்கவேண்டியதை மனுஷன் இழுத்தால் என்ன ஆகும்? குடல் இறங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் கீறித் தைத்தார்கள். "இனி பாரம் இழுத்தால் தையல் பிரியும், ஆள் மிஞ்சமாட்டார்" என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

நல்லவேளை, துரை பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி எந்திரம் ஒன்றைக் கப்பலில் வரவழைத்தார். கைப்பிடியைச் சுழற்றினால் டப்டப் என்று கிளம்பும். பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் போதும். பழைய உருளை கொட்டகைக்குப் போயிற்று. அன்றிலிருந்து இவருடைய உயிர் அந்தச் சத்தத்தில்தான் இருந்தது. சோறு தின்னும்போதுகூட, "இன்னைக்கு அது கெளம்ப ரெண்டு சுத்து கூடுதலா சுத்துனேன் பிள்ள" என்று முணுமுணுப்பார்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதிமூன்று, அதாவது இங்கிலீஷ் 1937-இல் வந்த சரஸ்வதி பூஜை. எந்திரத்தைக் கழுவித் துடைத்து, சக்கரம், கைப்பிடி, பெட்ரோல் தொட்டி மூடி என்று கண்ட இடமெல்லாம் சந்தனத்தைக் குழைத்து அப்பினார். மேலே குங்குமம் வேறு. நானும் விழுந்து கும்பிட்டேன்.

விஜயதசமியில் பூஜை எடுத்த மறுநாள் சாயங்காலம் பங்களாவில் டென்னிஸ் பந்தயம். வெட்டின புல்லை எருமைக்கு அள்ளிப்போக நான் சாக்கோடு நின்றேன். எந்திரம் கிளம்பியது. ஒரு வரிசை போனது, திணறியது, நின்றுவிட்டது.

இவர் முகத்தில் ரத்தமே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டுச் சுழற்றினார். கிளம்பிப் பாதி வரிசையில் மறுபடி செத்தது. பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, இரும்பில் ஒட்டவைத்துச் சுழற்றிப் பார்த்தார். நீலப் பொறி பறந்தது. "பொறி இருக்கு, பெட்ரோலும் இருக்கு, பின்ன என்னட்டி சீக்கு இதுக்கு?" என்றார். மறுபடி மூடியைத் திறந்தார், மூடினார், சுழற்றினார். கொஞ்சம் ஓடி நின்றது. இடது கையால் அடிவயிற்றை அமுக்கிக்கொண்டேதான் இத்தனையும்.

பங்களாக் கணக்கர் ஸ்ரீகண்டன் வந்துவிட்டார். "மதி ஓய், மதி!" என்று மலையாளத்தில் அதட்டினார். "நோண்டினது போதும். ஆட்கள் வர நேரமாயாச்சு. பழைய உருளையை எடும், வடத்தைக் கட்டும்."

"சாமி, அவருக்கு வயித்துல தையல் கெடக்கு. செத்துப்போவாரு" என்றேன்.

"இவரால முடியாதுன்னா வேற ஆளைப் பாக்கணும். நான் என்ன பண்ணறது?"

பயந்த மனுஷர் நேரே கொட்டகைக்குப் போய்க் கயிற்றை எடுத்து வந்தார். எனக்கு வந்த கோபத்தில் அதைப் பிடுங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"உருளைய நான் இழுக்கேன். நீங்க போய் அந்த மூடியவே தெறந்து மூடிக்கிட்டு இருங்க. சும்மா சும்மா தெறக்குதியளே, உள்ள புதையலா இருக்கு?"

அவர் அப்படியே நின்றார். "மூடியத் தெறந்தாத்தான் ஓடுது" என்றார், தனக்குத்தானே.

ஓடிப்போய் மூடியைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தார். தொட்டிக்குள் காற்றுப் போக அதில் ஒரு ஊசித்துளை உண்டாம். காற்றுப் போனால்தான் பெட்ரோல் கீழே இறங்குமாம். அந்தத் துளையைச் சந்தனம் அடைத்து, காய்ந்து கல்லாகக் கிடந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை! என் கொண்டை ஊசியை வாங்கிக் குத்தி எடுத்தார். மூடியை மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினார்.

எந்திரம் கிளம்பியது. ஒரு வரிசை போய்த் திரும்பியது. இரண்டாவது வரிசையும் போனது. ஸ்ரீகண்டன் உள்ளே போய்விட்டார்.

என் பக்கம் வந்தபோது இவர் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "ஏட்டி, கயித்தக் கீழ போடு. அதான் ஓடுதுல்லா!"

"ஓடட்டும்" என்றேன்.

கடைசிப் புல் விழுகிறவரை அந்தக் கயிற்றைத் தோளைவிட்டு இறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.