இயந்திரத்தில் சிக்கிய நார்

காலையில் ஆலைக்குப் புறப்படும்போது மாப்பிள்ளை நீச்சல் குளத்தின் கரையில் நின்று, அதைப் பராமரிப்பவரிடம் இரண்டே வாக்கியம் சொன்னார். "சாயங்காலம் நான் வாரப்போ இந்த மெஷின் ஓடிக்கிட்டு இருக்கணும். இல்லைன்னா நாளையிலருந்து வேற ஆளைப் பாத்துக்கிடுறேன்." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசுகிறவர் சொன்னதைச் செய்துவிடுவார் என்பதை இந்த வீட்டுக்கு வந்த மூன்று ஆண்டுகளில் நான் அறிந்திருந்தேன்.

பராமரிப்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். வன்னியம்பட்டியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் ராஜபாளையத்துக்கு வந்து போகிறவர். ஆலங்குளத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் பல ஆண்டுகள் உழைத்து நெஞ்செல்லாம் தூசி அடைந்தவர். இனி அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று மருத்துவர் விலக்கிய பிறகே எங்களிடம் வந்தார். இந்த வேலை போனால் அவருக்குக் கைவந்த வேறு வேலை குவாரி ஒன்றுதான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து முதிர்ந்தவன். மனைவி மறைந்தபின் மகளோடு இருக்க இங்கே வந்தேன். மகளுக்கு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நாளும் நீரில் நடக்க வேண்டும் என்றார்கள். அதற்காகவே தோட்டத்தில் இந்தக் குளம் கட்டப்பட்டது. அதன் தரையைத் துலக்க ஓர் இயந்திரமும் வந்தது. ஆமையளவு உருவம், இருபக்கமும் ரப்பர்ப் பட்டை, அடியில் உருளும் தூரிகை. தானே ஊர்ந்து, பாசியைத் தேய்த்து, அழுக்கை உறிஞ்சித் தன் வயிற்றிலுள்ள பையில் சேர்த்துக்கொள்ளும். இரண்டு வாரமாக அது ஓரிடத்திலேயே வட்டமடித்துப் பின் நின்றுவிடுகிறது. தரை வழுக்கத் தொடங்கியதால் மகள் நீரில் இறங்குவது நின்றது. மதுரையிலிருந்து வந்த பழுதுபார்ப்பவர் பையை மட்டும் கழுவி மாட்டிவிட்டு, பராமரிப்புச் சரியில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்லிப் போனார். பழி முழுதும் ஒரே தலையில் இறங்கியது.

அன்று காலையும் நான் வழக்கம்போல் பெருமாளுக்கு முதல்நாள் சாற்றிய துளசி மாலையைக் களைந்து, கால்படக் கூடாதே என்று குளத்தின் ஆழமான மூலையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஊரில் இருந்தவரை கோயில் குளத்தில் விடுவது வழக்கம். இங்கே அருகில் வேறு நீர்நிலை இல்லை.

இயந்திரத்தோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. பராமரிப்பவரால் அதைப் படிக்க இயலாது, என்னால் இயலும். நாற்காலியை நிழலில் போட்டு உட்கார்ந்தேன். நான் வாசித்துப் பொருள் சொல்ல, அவர் செய்வது என்று ஏற்பாடு.

முதலில் மின்சாரத்தை நிறுத்தி, இயந்திரத்தைக் கரையேற்றிப் பையைப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. அவர் நாள்தோறும் கழுவுகிறவர் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் சான்றால் இயந்திரம் ஓடிவிடாது. வட்டமடிப்பதற்கு மின்கம்பி முறுக்கிக்கொண்டிருப்பதும் காரணமாகலாம் என்றது கையேடு. நீலக் கம்பியைப் புல்வெளி நெடுக நீட்டி, முறுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் கிடத்தினார். ஒரு மணி நேரம் கழித்து நீரில் இறக்கினோம். நேராகப் போயிற்று. சுவர்வரை போய்த் திரும்பியது. பிறகு அது இடப்பக்கமாகச் சாய்ந்து மெல்ல வட்டமடித்தது, கரையிலிருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கியது, நின்றது.

நீரை இழுக்கும் விசிறியைக் கழற்றிப் பார்த்தோம். அதில் குற்றமில்லை. ரப்பர்ப் பட்டைகளை இடம் வலமாக மாற்றிப் பார்த்தோம். அப்போதும் இடப்பக்கமே இழுத்தது. மதியம் ஆலைச் சங்கு ஊதியபோது அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. கையேட்டில் ஒரே ஒரு பக்கம் மிஞ்சியிருந்தது. இடையிடையே வந்த இருமலை அடக்கிக்கொண்டு, வேலை போகலாம் என்பதைத் தன் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை என்றார்.

கடைசிப் பக்கம், பக்கவாட்டு மூடியைத் திறந்து தூரிகையின் அச்சைப் பார்க்கச் சொன்னது. நான்கு திருகுகள். இடப்பக்கத்து மூடி கழன்றதும் அவர் சட்டென்று முதுகைத் திருப்பி அதை மறைத்துக்கொண்டார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லய்யா. ஏதோ குப்பை. நீங்க உள்ள போய்ச் செத்த நேரம் படுங்க."

நான் எழுந்து சென்று பார்த்தேன். அச்சின் முனையில் பழுப்பேறிய வாழைநார், நூற்கண்டுபோல் இறுகச் சுற்றியிருந்தது. நடுநடுவே துளசிக் காம்புகள். நாரின் நுனியில் இரட்டை முடிச்சு. அந்த முடிச்சை அறுபது ஆண்டுகளாகப் போடும் விரல்கள் என்னுடையவை.

பூவும் நீரும் கொண்டு தொழுவதைப் பாடும் பாசுரங்களை வாழ்நாளெல்லாம் ஓதியவன் நான். குளம் என்றால் குளம்தானே என்று எண்ணிக்கொண்டேன். இந்தக் குளத்தின் அடியில் ஓர் இயந்திரமும், அந்த இயந்திரத்தை நம்பி ஒரு குடும்பமும் இருப்பதை எண்ணவில்லை.

முன்பே தெரியுமா என்று கேட்டேன். இலைகள் பையில் கிடப்பது தெரியும் என்றார். நாள்தோறும் எடுத்து அப்புறப்படுத்தியிருக்கிறார். நார் உள்ளே போய்ச் சுற்றும் என்று மட்டும் நினைக்கவில்லையாம். அப்படியானால் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

அவர் திருப்புளியால் நாரை நெம்பிக்கொண்டே தலை நிமிராமல் பேசினார். "நான் வேதக்காரன்யா, சர்ச்சுக்குப் போறவன். உங்க சாமிக்குப் போட்ட துளசியை இங்க போடாதீகன்னு நான் எந்த வாயால சொல்ல?"

நான் குனிந்து, கழற்றிய திருகுகளைப் பொறுக்கி வைத்தேன்.

நாரைப் பிரித்தெடுக்க நெடுநேரம் ஆயிற்று. அறுத்து அறுத்து எடுத்ததைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கடைசித் துண்டை, முடிச்சோடு, நான் கைநீட்டிக் கேட்டு வாங்கினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "விடுங்கய்யா, ஓடினாப் போதும். உங்க மாப்பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்."

மூடியைப் பூட்டி இறக்கியபோது இயந்திரம் அமிழாமல் தக்கைபோல் மிதந்தது. அதே வேளையில் வெளிக்கதவு திறக்கும் ஓசை கேட்டது, மாப்பிள்ளையின் கார். உள்ளே காற்று இருக்கிறது, தலைகீழாகப் பிடி என்றேன். அவர் குப்புற விழுந்துவிடுவார்போலக் கரையில் மண்டியிட்டு, நீருக்குள் அதைப் புரட்டிப் பிடித்தார். குமிழிகள் எழுந்தன, அடங்கின. கைவிட்டதும் அது ஆழத்துக்குப் போய்த் தரையில் அமர்ந்தது. பொத்தானை அழுத்தினோம். நேராகப் போனது. சுவரைத் தொட்டுத் திரும்பியது. மறுபடியும் நேராக வந்தது.

மாப்பிள்ளை வந்து சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன கோளாறு என்று கேட்டார். அச்சில் ஏதோ நார் என்றார் இவர், நீரைப் பார்த்தபடி.

"தெனமும் பாத்திருந்தா நாரு உள்ள போயிருக்குமா? ரெண்டு வாரமா வீட்டுல தண்ணியில எறங்க முடியல. மெஷின் ஓடினாலும் நாளையிலருந்து வேற ஆளுதான்."

நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். "இது என் மாலை நார், மாப்பிள்ளை. நாள்தோறும் நான்தான் இதில விட்டேன். அவர் மேல தப்பில்ல."

அவர் முடிச்சைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். மாமனாரை மருமகன் கடிந்துகொள்ள இயலாத வீடு எங்களுடையது. அந்த மரியாதையே அன்று எனக்குத் தண்டனையாக இருந்தது. "சொல்லியிருக்கலாமே மாமா," என்றார், மிகத் தாழ்வாக. எனக்கே இன்றுதான் தெரிந்தது என்று சொல்ல நா எழவில்லை. பிறகு பராமரிப்பவரிடம் திரும்பி, நாளைக்குத் தரையை இரண்டு முறை ஓட்டிவிடச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மன்னிப்பு எதுவும் இல்லை. ஆனால் நாளைக்கு என்ற சொல் இருந்தது. அவர் அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்.

மறுநாள் காலை, களைந்த மாலையைத் தட்டில் வைத்துக்கொண்டு, பையில் வந்த இலைகளை எங்கே போட்டாய் என்று அவரிடம் கேட்டேன். பின்புறத்து வேம்பைக் காட்டினார். போய்ப் பார்த்தேன். மரத்தின் தூரில் செங்கற்களைச் சுற்றி அடுக்கி ஒரு சிறு வேலி. உள்ளே என் துளசி இலைகள், பழையன கருத்தும் புதியன பழுத்தும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எவர் காலும் பட வழியில்லை.

அங்கேயே குனிந்து மாலையின் முடிச்சை அவிழ்த்தேன். நாரைத் தனியே உருவி எடுத்துக்கொண்டு, இலைகளை உள்ளே இட்டேன். பின்னால் இயந்திரம் நீரில் இறங்கும் ஓசையும், அவருடைய இருமலும் கேட்டன.