கடலில் விளைந்த ஏலம்

"சாரே... கடலில் ஏலமோ?"

மூன்று வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமை. இரண்டாவது காபியில் இருந்தவனிடம் போனில் ஒரு பெண் குரல் கேட்ட கேள்வி இது. ஏலக்காய் சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் என்று சொன்னார். நான் அனுப்பிய மனு அவர் மேஜையில் இருக்கிறதாம்.

நான் எப்போது ஏலக்காய்க்கு மனு போட்டேன்? ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த மலையூரான ஆனைக்கரையில் குடியிருக்கிறேன் என்பதைத் தவிர எனக்கும் ஏலச்செடிக்கும் ஒரு ஒட்டும் இல்லை. நான் மனு போட்டது கடலுக்காக.

பக்கத்து வீட்டு ஜெசிந்தா குமரிக் கடற்கரையில் பிறந்து, இந்த மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவருடைய தம்பி கொல்லம் பக்கம் சின்னப் படகில் மீன் பிடிக்கிறார். கடலடியில் கிடக்கும் மணலை எடுக்க, கடலை பிளாக் பிளாக்காகப் பிரித்து ஏலம் விடப் போகிறார்கள், ஆட்சேபம் இருந்தால் இன்ன தேதிக்குள் எழுதலாம் என்று அரசாங்க அறிவிப்பு வந்திருந்தது. தம்பி வலை போடும் இடம் அதில் ஒரு பிளாக்குக்குள் வருகிறது.

"அண்ணே, அங்க அடியில பாறத் திட்டு இருக்கு. மீனு அடையுற எடம். எங்க அப்பா கொல்லத்துக்குத் தொழிலுக்குப் போன காலத்துல இருந்து எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். சுத்தித் தோண்டிட்டா மீனு எங்கண்ணே போயி நிக்கும்? தம்பிக்கு எழுத வராது. நீங்க நாலு வரி எழுதிக் குடுங்க."

மணலே எடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் ஏது? நான் உட்கார்ந்திருக்கும் வீடே மணலும் சிமெண்டும்தான். ஆனால், எடுப்பதற்கு முன் அங்கே பிழைப்பவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

மலையாள நாடுதான் என்றாலும், எங்கள் பக்கம் தமிழிலேயே மனு கொடுக்கலாம். எழுதினேன். சுருக்கமாக எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறதே... அதைக் காப்பாற்ற, 'பொருள்' என்ற இடத்தில் இரண்டே சொற்கள் போட்டேன் — 'கடல் ஏலம்'.

அங்கேதான் சறுக்கினேன்.

நமக்கு ஏலக்காயும் ஏலம், கூவி விற்பதும் ஏலம். மலையாளத்தில் ஏலம் என்றால் ஏலக்காய் மட்டும்தான். கூவி விற்பது 'லேலம்'. அரசின் பொதுத் தபால் பிரிவில் என் தபாலைப் பிரித்தவர் 'ஏலம்' என்று பார்த்தார். ஊர் ஆனைக்கரை என்றும் பார்த்தார். ஆனைக்கரைக்காரன் வேறெதைப் பற்றி எழுதப் போகிறான்? ஏலக்காய் அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டார்.

இந்த அம்மணி நினைத்திருந்தால் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று எழுதி ஃபைலை மூடியிருக்கலாம். மூடவில்லை. தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். 'வலை' என்று வந்ததும், செடிக்கு நிழல் வலை கட்ட மானியம் கேட்கிறேன் என்று நினைத்தாராம். அடுத்த வரியில் 'படகு' வந்திருக்கிறது.

"ஏலத்தோட்டத்தில் படகு எந்தினா சாரே?"

படகு எதற்கு என்று விளக்கினேன். "அய்யோ, லேலம்! லாஸ்ட் டேட் என்னா சாரே?" என்றார்.

காலண்டரைப் பார்த்தேன். கடைசித் தேதி அன்றுதான்!

"மனு போய்ச் சேந்துருக்குமாண்ணே?" என்று ஜெசிந்தா தினமும் கேட்பார். "சேர்ந்திருக்கும்" என்று நானும் தினமும் தெம்பாகச் சொல்லிக் கொண்டிருந்தேன். என் ஸ்டைலுக்காக ஒருவன் பிழைப்பு போகலாமா?

அம்மணி பதறவில்லை. என்னிடம் இருந்த நகலைப் போனிலேயே வரி வரியாகப் படிக்கச் சொல்லி, மலையாளத்தில் டைப் செய்தார். 'பாறைத் திட்டு' வந்ததும் இருவரும் மாட்டிக் கொண்டோம். எனக்கு மலையாளச் சொல் தெரியவில்லை, அவருக்குத் தமிழ் புரியவில்லை. ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன்.

"நாங்க 'பாரு'ன்னு சொல்லுவோம்" என்றார் ஜெசிந்தா.

"இவிடேயும் பாரு தன்னே!" என்று அங்கிருந்து ஒரு சந்தோஷக் கூவல். அவருக்குச் சொந்த ஊர் ஆலப்புழைக் கடற்கரையாம். மலையில் பிரிந்த இரண்டு பாஷையும் கடலுக்கு அடியில் ஒன்றாகத்தான் இருக்கின்றன போல.

மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, சரியான அலுவலகத்தைத் தேடிப் பிடித்து, ஈமெயிலில் அனுப்பினார். நான்கு மணிக்கு 'கிடைத்தது' என்ற பதிலையும் வாங்கி என் போனுக்குத் தட்டிவிட்டார். யார் இவர்? ஜெசிந்தாவின் தம்பிக்கு உறவா? எனக்குத்தான் வாசகரா? ஒன்றும் இல்லை.

முந்தாநாள் தம்பியிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டார் ஜெசிந்தா.

"அக்கா, ஆபீசருங்க வந்தாங்க. மேப்ப விரிச்சு வச்சு, 'உன் பாரு எங்க'ன்னு கேட்டாங்க. நாந்தான் வெரல வச்சுக் காட்டுனேன்!"

முடிவு என்ன வரும்? தெரியாது. ஆனால் கேட்டார்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டார்களாம். ஜெசிந்தா அழுதுவிட்டார். மறைப்பானேன், நானும்தான்.

அம்மணிக்கு நன்றி சொல்ல போன் செய்தேன். பெயரைப் போட்டு எழுதட்டுமா என்றால், வேண்டவே வேண்டாம் என்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார்: "இனி எழுதும்போள் ஒரு 'லே' போடணே சாரே."

திருநெல்வேலி வம்சம் நான். வாயைத் திறந்தால் ஆளுக்கொரு 'லே' போட்டே பேசிப் பழகியவன்... போட வேண்டிய ஒரே இடத்தில் விட்டுவிட்டேன்!