நவமணி மன்னிப்புக் கேட்கவில்லை

மலேசியாவில் பாடாங் செராய்க்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த நவமணி தமிழ்ப்பள்ளியில் படித்தாள், பிறகு இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் வரை மலாயில். பத்தொன்பது வயதில் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இங்கிலீஷ் அங்கே காதால் வந்ததுதான். பதினேழு வருடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து போர்டுகளில் கீறல் தேடினாள். மற்றவர்கள் மூன்று தடவை பார்த்தும் விடுவதை அவள் ஒரே பார்வையில் எடுத்துப் போடுவாள்.

சுமன் புது இன்ஜினியராக வந்தான். சுங்கை பட்டாணியில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பம்; வீட்டிலேயே இங்கிலீஷ். தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் நவமணி தமிழில் ஆரம்பித்தால் கடிகாரத்தைப் பார்ப்பான். அதனால் முதல் வாரக் காலைக் கூட்டத்தில் அவள் எழுந்து, கீறல் விழுந்த ஒரு தொகுதி போர்டுகளைக் காட்டி, "சார், திஸ் லாட் காட் இஸ்கிராட்ச்" என்றாள்.

"காட் வாட்?"

"இஸ்கிராட்ச், சார்."

"இஸ்ஸ்ஸ்கிராட்ச்" என்று இழுத்துக் காட்டினான். முப்பது பேர் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவளைப் போலவே பேசுகிறவர்கள். மத்தியானம் கேண்டீனில் அதுவே பெயராகிவிட்டது. "இஸ்கிராட்ச் அக்கா, சாப்பிட்டாச்சா?"

எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் வாய் திறப்பதை நிறுத்தினாள். லைன் லீடர் வேலை காலியானபோது மனுப் போட்டாள். மூன்று நிமிட நேர்காணல். 'பேச்சுத் திறன் போதாது' என்று சுமன் எழுதினான். வேலை நளினிக்குப் போனது. மைக்ராஸ்கோப்பைத் திருகவே நவமணியிடம் கற்றுக்கொண்டவள் அவள்.

ஜப்பானிலிருந்து வாடிக்கையாளர் வரும் நாளன்று காலையில் சுமன் அவளிடம் முதல்முறையாகத் தமிழில் பேசினான்.

"அவர் என்ன கேட்டாலும் நளினி பதில் சொல்லட்டும். நீங்க வாயத் திறக்காதீங்க."

ஜப்பானியர் நேராக நவமணியின் மேசைக்குத்தான் வந்தார். "யூ... செக்... ஹவ்?" என்று திக்கித் திக்கிக் கேட்டார். நளினி விழித்தாள். சுமன் குனிந்து குழைந்து, அவர் விட்ட சொற்களையெல்லாம் தானே எடுத்துக் கொடுத்தான். சிரிப்பு எங்கும் இல்லை.

விருந்தாளி போன பிறகு, எல்லார் முன்னிலும் நவமணி எழுந்தாள்.

"அவரு இங்கிலீஷுக்கு ஏன் சார் நீங்க சிரிக்கல?"

சுமனின் காது சிவந்தது. "கோ பேக் டு யுவர் சீட்."

"தமிழ்ல சொல்லுங்க சார். காலையில வந்துச்சே."

மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: மேலதிகாரியை அவமதித்தாள். மனிதவள அலுவலகத்தில் ரோஸ்னா என்ற அதிகாரி, "அது ஜோக்தானே, கக்? சுமன் நல்லவர்லா. ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுங்க, முடிஞ்சிரும்" என்று மலாயில் அக்கா முறை வைத்துச் சொன்னாள். நவமணி இரண்டு பக்கம் மலாயில் எழுதிக் கொடுத்தாள். எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள், யார் சிரித்தார்கள் என்று இருந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை.

அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை.

மூன்றாவது வாரம் நளினி ஒரு போர்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, இது கீறலா, அழுக்கா? தெரியலக்கா. லாட் இப்பவே போகணும். ஒரு தடவை பாருங்கக்கா."

"இங்கிலீஷ்ல கேளு" என்றாள் நவமணி.

"அக்கா..."

"உங்க சார் மாதிரி கேளு."

நளினியின் கண் நிறைந்தது. அவள் மேல் கோபப்பட நியாயமில்லை என்று நவமணிக்குத் தெரியும். தெரிந்தும் போர்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பெட்டியை இழுத்து டேப் ஒட்டினாள்.