சப்பைப் படையின் உல்டா பக்கம்

என்னிடம் நாற்பத்திரண்டு பேர் கொண்ட ஒரு படை இருக்கிறது. எல்லாம் வெள்ளீயத்தில் வார்த்த தட்டை உருவங்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம், கனமோ ஒரு நாணயத்தின் அளவுகூட இல்லை. ராஜா, வில்லாளிகள், குதிரைவீரர்கள், ஒரு யானை, ஒரு மந்திரவாதி, நெருப்புக் கக்கும் ஒரு டிராகன். வர்ணம் பூசாத உருவங்களை மெயின்லாண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வரவழைத்து, நானே பூசி, சாப்பாட்டு மேஜையில் நிறுத்திப் பகடை உருட்டிப் போர் நடத்துகிறேன். வயது நாற்பத்தாறு. அரசு வேலை. இதை அலுவலகத்தில் சொன்னால் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு டீ சொல்லப் போய்விடுகிறார்கள்.

எதிரி நாட்டு ராஜா என் கணவர். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவரிடம் தனியாக ஒரு பழைய படை உண்டு. என் படைக்கு அவர் வைத்த பெயர் ‘சப்பை ஆளுங்க’. பேச்சில் கிண்டல்தான், ஆனால் தான் தோற்றுவிட்டால் இரண்டு நாளைக்கு ரசத்தில் உப்பு இல்லை என்பார்.

இந்த உருவங்களுக்கு இரண்டு பக்கமும் செதுக்கல் உண்டு. படுக்கவைத்து ஒரு பக்கம் பூசி, காய்ந்த பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கம் பூச வேண்டும். சென்ற வருடம் எல்லோருக்கும் ஒரு பக்கம் முடித்திருந்த சமயத்தில், கார் நிக்கோபார் தீவில் பத்து நாள் ஸ்டாக் சரிபார்க்கும் டியூட்டி போட்டுவிட்டார்கள். கணவரை நம்பிப் பிரஷைக் கொடுக்க முடியாது. இரும்பு கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துப் பழகிய கை அது.

நாங்கள் குடியிருக்கும் கராச்சர்மாவில் பக்கத்து வீட்டில் ஒரு வங்காளி அக்கா இருக்கிறார், தீதீ என்றுதான் கூப்பிடுவேன். பூஜை நாட்களில் வாசலில் அரிசிமாவைக் கரைத்து அவர் கோலம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கோடு நடுங்காது. டப்பாவையும் வர்ணங்களையும் அவரிடம் ஒப்படைத்து, விவரத்தைப் போனில் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கப்பலுக்கு ஓடினேன்.

தீதீயும் நானும் பேசுவது இந்தியில். அவர் இந்தியில் வங்காளம் இருக்கும், என் இந்தியில் திருநெல்வேலி இருக்கும். கார் நிக்கோபாரில் தங்கியிருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல். அங்கே நின்று கத்தினேன்.

“தீதீ, உல்டா கர்னா ஹை!”

உல்டா என்றால் மறுபக்கம். மறுபக்கத்தைப் பூசுங்கள் என்று சொன்னதாக நினைத்தேன்.

“உல்டாவா?”

“ஹாங், உல்டா!”

“பூரா உல்டா?”

“பூரா! ஒண்ணைக்கூட விட்டுடாதீங்க!”

“டீக் ஹை,” என்று சம்மதித்தார், பெரிய பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் போல.

கடல் கொந்தளித்து, கப்பல் ரத்தாகி, பத்து நாள் இருபத்தொரு நாளானது. நான் வீட்டுக்குள் பையை இறக்கி வைப்பதற்குள் தீதீ டப்பாவோடு வந்து நின்றார். மூடியைத் திறந்தேன்.

உல்டா என்றால் நேர்மாறு என்றும் ஒரு அர்த்தம் உண்டு.

நான் பூசிய பக்கத்தில் ராஜாவுக்குக் கறுப்பு மீசை. திருப்பினால் நரைத்த மீசை. கறுப்புக் குதிரைகளெல்லாம் மறுபக்கம் வெள்ளை. மந்திரவாதியின் தாடி முந்தானையாகி, நெற்றியில் குங்குமம் ஏறி, அவர் ஒரு குடும்பத் தலைவியாகிவிட்டார். கண்ணை விரித்துக் குறி பார்த்த எட்டு வில்லாளிகளும் அந்தப் பக்கம் கண்ணை மூடித் தூங்கினார்கள். டிராகன் வாயில் நெருப்புக்குப் பதில் நீலத் தண்ணீர், குழாய் உடைந்த மாதிரி.

“யானைக்குத்தான் மூணு நாள் யோசிச்சேன்,” என்றார் தீதீ. “யானைக்கு உல்டா என்ன, நீயே சொல்லு?”

யானையின் மறுபக்கம் முழுக்க வெள்ளையடித்து, நடுவில் ஒரே ஒரு எறும்பு வரைந்திருந்தார். எறும்புக்கு ஆறு காலும் இருந்தன. மீசையும் இருந்தது.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் வேலை அவ்வளவு நேர்த்தி. தீதீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “ரொம்ப நல்லா இருக்கு தீதீ,” என்றேன். சொன்ன பிறகு அது உண்மைதான் என்று பட்டது.

“கடையில தின்னர் இருக்கு,” என்றார் கணவர், தீதீ போன பிறகு. “அஞ்சு நிமிஷத்துல துடைச்சிரலாம்.”

“எறும்பு மேல கை வச்சீங்க, பாத்துக்கோங்க.”

ஞாயிற்றுக்கிழமை போர் மூண்டது. தீதீ என் பக்கம். என் ராஜா முன்னேறிப் போய், ஆபத்து என்று திரும்பினார்.

“நில்லு,” என்றார் கணவர். “இது யாரு?”

“எங்க ராஜா.”

“போகும்போது கறுப்பு மீசை. இது நரைச்சிருக்கு. இது அவரோட அப்பா. அவரை எப்பக் களத்துல இறக்குன?”

“போருக்குப் போனா நரைக்காதா?”

“சரி, வில்லாளி தூங்குறான். தூங்குறவன் அம்பு விட முடியாது.”

தீதீக்கு இதை இந்தியில் சொன்னேன். தூங்குகிறவனைக் கொல்வது மகா பாவம் என்றார் அவர். கணவர் வில்லாளிகளை விட்டுவிட்டு, பகடை உருட்டி என் அட்டைக் கோட்டைக்குத் தீ வைத்தார். தீதீ சாவகாசமாக டிராகனைத் திருப்பித் தண்ணீர் விட்டு அணைத்தார். கடுப்பான கணவர் தன் ஆட்கள் பன்னிரண்டு பேரையும் கூட்டி யானையை வளைத்தார். தீதீ யானையைத் திருப்பினார். கணவருடைய ஆட்களின் கால்களுக்கு நடுவே நகர்த்திக்கொண்டே போனார்.

“தீதீ, அது ஹாத்தி!” என்று அலறினார் கணவர். “யானை எப்படி நடுவுல போகும்?”

“இப்ப இது எறும்பு. எறும்பு எங்கேயும் போகும்.”

எறும்பு கணவரின் கோட்டைக் கதவுக்கு அடியில் நுழைந்தது. உள்ளே போனதும் தீதீ அதை மெதுவாகத் திருப்பி வைத்தார்.

“இப்ப ஹாத்தி.”

அட்டைக் கோட்டை நாலாபக்கமும் சரிந்தது. உண்மையில் தீதீயின் முழங்கை பட்டுத்தான் சரிந்தது, ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. கணவர் தன் ராஜா கவிழ்ந்து கிடப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை கடைக்குக் கிளம்பியவர், ஸ்கூட்டரை எடுக்காமல் பக்கத்து வீட்டுப் படியேறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் அவருடைய படை டப்பா. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்.

“அவசரமே இல்ல தீதீ,” என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். “ஒவ்வொண்ணுக்கும் நிதானமா யோசிச்சுப் பண்ணுங்க.”